ஜீவராணியின் தெனீயா

தன் மனைவிக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதைக் காத்தமுத்து ஒருநாளும் நம்பியதில்லை.

சிங்களம் தெரியும், அதை அவரே கேட்டிருக்கிறார். ஜீவராணியின் சிங்களத்துக்கு முன்னால் புளத்கொகுபிட்டிய கடைக்காரர்களே விலையில் இறங்கி வந்திருக்கிறார்கள். அரபு தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்வார். லெபனானுக்குப் போய் வருஷக்கணக்கில் வீட்டு வேலை செய்து திரும்பியவளுக்கு அரபு தெரியாவிட்டால்தான் அதிசயம். ஆனால் ஸ்பானிஷ்? மீகஸ்தென்ன இறப்பர் தோட்டத்தில் கடைசி லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஸ்பானிஷா?

"குதிரைக்குக் கொம்பு மொளைச்ச கதையால்ல இருக்கு" என்பார்.

"மொளைச்சிருச்சே, நான் என்னா செய்ய?" என்பாள் அவள், ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

ஊர் திரும்பியதும் தோட்டத்துப் பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டாள் ஜீவராணி. கரவனெல்லைக்கு இறங்குகிற வீதி அது. தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி. கடைக்குப் பின்னால் சரிவு, சரிவின் கீழே ஓயா, மலையிலிருந்து இறங்குகிற ஆறு. காத்தமுத்து விடிகாலையில் மலையேறி இறப்பர்ப் பால் வெட்டி, நிறுவையில் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வந்து விறகு பிளப்பார், தேங்காய் துருவுவார், மனைவியைச் சீண்டுவார். மூன்றிலும் கடைசி வேலைதான் அவருக்குப் பிடித்தது.

அவளுடைய ஸ்பானிஷ் கதை இதுதான். லெபனானில் மலைக்கு அந்தப் பக்கம் ஸஹ்லே என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் சின்ன மேடம், பெரிய மேடம் என்று இரண்டு பேர். பெரிய மேடத்தைப் பார்த்துக்கொள்வதுதான் ஜீவராணியின் வேலை. அந்த அம்மா பிறந்து வளர்ந்தது வெனிசுவேலாவில். லெபனானிலிருந்து பிழைக்கப் போன தகப்பன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். கலியாண வயதில் மகளைச் சொந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு வயது போய் மறதி வந்தபோது, பின்னால் கற்ற அரபு முதலில் கழன்றது. முதலில் கற்ற ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியது. அந்த ஸ்பானிஷிலும் பெரிய மேடம் பேசியதெல்லாம் சின்ன வயதைப் பற்றித்தான்.

நாள் பூராவும் அவள் வாயில் ஒரே சொல். தெனீயா. வீடு தெனீயா. மாமரம் தெனீயா. கோவேறு கழுதை ரெண்டு தெனீயா. கிளி தெனீயா. கையை விரித்து, உயரம் காட்டி, கிளி மாதிரிக் கத்தி, அவள் சொல்லச் சொல்ல ஜீவராணிக்கு விளங்கிவிட்டது. இருந்துச்சு என்று சொல்கிறாள். ஒருநாள் இருந்து முடிந்துபோனதைச் சொல்லவில்லை, இருந்துகொண்டே இருந்ததைச் சொல்கிறாள். எனக்கு இருந்தது, அவளுக்கு இருந்தது, உங்களுக்கு இருந்தது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

சாப்பிட்டதை மறந்துவிட்டுப் பெரிய மேடம் மறுபடி தட்டைத் தேடுவாள். "தெனீயா ஆம்ப்ரே" என்பாள். ஆம்ப்ரே என்றால் பசி. பசி இருந்துச்சு. ஜீவராணியும் தனக்குப் பசித்தால் அப்படியே சொல்லப் பழகினாள். அதைக் கேட்டுச் சின்ன மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "உன் ஸ்பானிஷில் இன்றைக்கு என்பதே இல்லையடி. நேற்றைக்குப் பசித்ததற்கு இன்றைக்கு எப்படிச் சோறு போடுவது?"

ஜீவராணிக்கு அது அவமானமாகப் படவில்லை. இன்றைக்கு என்கிற பேச்சை அவளுக்குக் கற்றுக்கொடுக்க அந்த வீட்டில் யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

பெரிய மேடம் பதிலுக்கு இவளைக் கேட்பாள். உனக்கு என்ன இருந்தது? ஜீவராணி சொல்லுவாள். புருஷன் தெனீயா. பிள்ளைகள் ரெண்டு தெனீயா. பசுமாடு தெனீயா. உயிரோடு இருக்கிறவர்களை எல்லாம் இருந்தார்கள் இருந்தார்கள் என்று சொல்லும்போது முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். போகப் போகப் பழகிவிட்டது. இந்த இடம் வரும்போதெல்லாம் காத்தமுத்து குறுக்கே விழுவார்.

"அப்ப என்னைச் செத்தவன் கணக்குலயா வச்சிருந்த?"

"செத்தவங்களைத்தான் தெனம் தெனம் நெனைப்பாங்க. கோவிச்சுக்காதீங்க."

"அதுவுமில்லாம தெனியன்னா சிங்களத்துல வயலு. நீ எந்த வயலுக்குப் பட்டா வாங்கப் போற?"

இதுதான் அவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பட்ட பாடு. மகள் லக்ஷிகா கலியாணமாகி பலாங்கொடைக்குப் போன பிறகு, சிரிக்க ஒரு விஷயம் வேண்டுமே என்று காத்தமுத்து அதை விடாமல் வைத்திருந்தார்.

போன ஒக்டோபரில் ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டயர் காற்றுப் போயிருந்தது. ஓட்டி வந்தவர் மஷூர், மாவனெல்லைக்காரர், வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிறவர். போகும்போதும் வரும்போதும் இங்கே தேத்தண்ணி குடிப்பவர் என்பதால் பழக்கம்.

"அக்கா, ரெண்டு பேரு ஸ்பெயின்காரங்க. அம்மாவும் மகளும். கொஞ்சம் இருக்க வைங்க, நான் டயரை மாத்திடுறேன்" என்றார்.

மகளுக்கு ஐம்பது வயது மதிக்கலாம். தாய்க்கு எண்பதுக்கு மேல். வெள்ளைச் சட்டை, ஓலைத் தொப்பி, கான்வஸ் சப்பாத்து. மகள் தாயை வாங்கில் உட்கார வைத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிப் பாலத்தின் மேலே போனாள். மஷூர் வேனுக்கடியில் குனிந்திருந்தார். ஜீவராணி உள்ளே மாப் பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்பெயின்காரர்கள் என்று காதில் விழுந்ததும் காத்தமுத்து விறகுக் கோடரியைச் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ராணி! ஒன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க. போய்ப் பேசு, பாப்போம்."

"வெறும் வாயை மென்னுக்கிட்டு இருந்தீங்க, இப்ப அவல் கெடைச்சிருச்சு" என்று அவள் சிரித்தாள்.

இந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாங்கு வெறுமையாகிவிட்டது.

முதலில் கண்டது காத்தமுத்துதான். கடைக்குப் பின்னால், துணி துவைக்கப் போகிற படிகளில் இறங்கி, அந்த அம்மா ஓயாவுக்குள் போயிருந்தாள். கரையோரத்தில் நிற்கவில்லை. தண்ணீருக்கு நடுவில் ஒரு தட்டைப் பாறை உண்டு, அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் முழங்காலளவுதான். சின்னப் பிள்ளைகள்கூடக் கடக்கிற இடம்தான்.

ஆனால் காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார். மேலே மலைப்பக்கம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. இங்கே ஒரு துளி இல்லை. தண்ணீர் மட்டும் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது, அதில் பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தன. பழுத்த இலை வந்தால் பயமில்லை, பச்சை இலை வந்தால் மேலே எங்கேயோ மரத்தையே ஆறு பிடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஓயா அப்படித்தான், மேலே பெய்தால் கீழே சொல்லிவிட்டு வராது.

"நோனா! எண்ட! எண்ட!" என்று சிங்களத்தில் வரச்சொல்லிக் கத்தினார். வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சிங்களம் ஏன் விளங்கப்போகிறது என்று அந்த நேரத்தில் யார் யோசித்தார்கள்?

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். வந்தவள் கரையில் நின்று அலறினாள். கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். தாய் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பார்வையில் இது யார் என்கிற பயம்தான் இருந்தது. மகள் அலற அலற, அவள் பாறையின் அந்தப் பக்கத்து விளிம்புக்கு நகர்ந்தாள்.

மஷூர் காற்சட்டையோடு இறங்கினார். பாதித் தூரம் போவதற்குள் அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். காத்தமுத்து இறங்கினார். அவருக்கு அவள் கல்லை எடுத்தாள். இன்னும் ஓர் அடி வைத்தால் அவள் அந்தப் பக்கம் ஆழத்தில் விழுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"அண்ணே, அவவுக்கு மறதி வருத்தம். மகளையே அடையாளம் தெரியாது. பலவந்தமாப் புடிக்க ஏலாது" என்றார் மஷூர்.

அந்த அம்மா இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்து "மனோலோ! மனோலோ!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாயின் பெயரோ என்னவோ என்று நினைத்தார் காத்தமுத்து. தண்ணீர் அவருடைய முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது.

அப்போதுதான் ஜீவராணி படிகளில் இறங்கி வந்தாள். கையெல்லாம் மா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய வாங்க. ஆம்பளைங்க சூழ்ந்து நின்னா யாருக்குத்தான் பயம் வராது?"

"ராணி, தண்ணி ஏறுது! போகாதே!"

"ஏறுறது எனக்கும் தெரியுதுங்க. பேசாம இருங்க."

இருவரும் கரையேறினார்கள். அவள் நேராகப் பாறைக்குப் போகவில்லை. கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போய், அந்த அம்மாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஓடுகிற ஆற்றில், நெஞ்சளவு தண்ணீரில், பாறையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் உட்காருகிறவள் போல. மறதி வந்தவர்களிடம் மேலே நின்று பேசக்கூடாது, கீழே உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று பெரிய மேடத்தை வைத்து அவள் பழகிய பழக்கம் அது. வா, எழும்பு, சாப்பிடு, குளி என்று ஒன்றும் சொல்லக்கூடாது. என்ன இருந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். காத்தமுத்துவுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

"தெனீயா காஸா?" என்று கேட்டாள் ஜீவராணி.

வீடு இருந்ததா? சும்மா தெருவில் போகிறவளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

அந்த அம்மாவின் தலை திரும்பியது. கையில் கல் அப்படியே இருந்தது. கண்ணைச் சுருக்கி இவளைப் பார்த்தாள். அப்புறம், காத்தமுத்து தன் காதாலேயே கேட்டார், "தெனீயா" என்றாள்.

ஜீவராணி அடுத்ததைக் கேட்டாள். அதிலும் ஒரு தெனீயா இருந்தது. பதிலிலும் இருந்தது. ஒரு உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல அந்தச் சொல் அங்கேயும் இங்கேயும் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கையை விரித்து என்னவோ காட்டினாள். கல் தண்ணீரில் விழுந்தது, விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. சிரித்தாள். பாறையின் மேல் குந்தினாள்.

காத்தமுத்துவுக்கு உடம்பு பூராவும் சிலிர்த்தது. கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் கும்பிடத் தோன்றியிருக்கிறது, இப்படி உடம்பு ஆடியதில்லை. இத்தனை வருஷம் தன்னோடு ஒரே தட்டில் தின்றவள், உப்புக்கும் மாவுக்கும் தன்னிடம் சண்டை பிடித்தவள், உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த ஒருத்தியோடு ஆற்றுக்குள் உட்கார்ந்து பேசுகிறாள். அவளும் பதில் சொல்கிறாள். இதைப் போய் நாம் கேலி செய்தோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இது என் பெண்சாதியா, இது என் பெண்சாதியா என்றே மனசு அடித்துக்கொண்டது.

கரையில் மகள் அலறலை நிறுத்தியிருந்தாள். இரண்டு கையையும் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அந்த அம்மாவின் முகம் மாறியது. தண்ணீரைக் காட்டி "மனோலோ" என்றாள். கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி ஒரு பிள்ளையின் உயரம் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். ஒரே மூச்சில் என்னென்னவோ சொன்னாள், சொல்லிக்கொண்டே எழுந்து மறுபடி விளிம்புக்குப் போனாள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள்.

ஜீவராணி பேசாமல் இருந்தாள். காத்தமுத்துவுக்கு அந்தப் பேசாமை பொறுக்கவில்லை. தண்ணீர் இப்போது அவள் தோளைத் தொட்டது. மேலேயிருந்து ஒரு மூங்கில் கொத்து வேரோடு சுழன்று வந்து பாறைக்குப் பக்கத்தால் போனது. தூரத்தில் இரைச்சல் கேட்டது. "ராணி!" என்று கத்த வாயெடுத்தார். பேசாம இருங்க என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அவள் சொல்லைத் தேடுகிறாள் என்று அவருக்கு விளங்கியது. வீட்டில் இருக்கிறான், வருவான், பயப்படாதே என்று எதையாவது சொல்ல வேண்டும். அவளிடம் அந்தச் சொற்கள் இல்லை. இருந்ததைச் சொல்ல மட்டுமே அவளுக்குத் தெரியும்.

ஜீவராணி தண்ணீரிலிருந்து எழுந்தாள். மேலே கடைப்பக்கம் கையைக் காட்டினாள். தன் வயிற்றைத் தட்டினாள்.

"மனோலோ தெனீயா ஆம்ப்ரே" என்றாள். "ஆம்ப்ரே, மனோலோ. தெனீயா ஆம்ப்ரே."

அந்த அம்மா அப்படியே நின்றாள். வைத்த காலை எடுத்தாள். பிறகு அவள் முகத்தில் வந்தது பயமுமல்ல, அழுகையுமல்ல. கோபம். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறாயே என்கிற, பிள்ளை வளர்க்கிறவளின் கோபம். விடுவிடுவென்று பாறையைவிட்டு இறங்கி, ஜீவராணியின் கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே கரைக்கு நடந்தாள். எண்பது வயதுக்காரி முன்னால், ஜீவராணி பின்னால். தண்ணீர் தள்ளியபோது ஜீவராணிதான் ஒருமுறை தடுக்கினாள், அந்த அம்மா பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் படிக்கு வந்ததும் காத்தமுத்துவும் மஷூரும் இருவரையும் மேலே தூக்கினார்கள். அவர்கள் கடை வாசலுக்கு ஏறுவதற்குள் ஓயா மரத்தோடும் மண்ணோடும் இறங்கி வந்தது. அந்தத் தட்டைப் பாறை இருந்த இடம் தெரியவில்லை. படிகளில் பாதி தெரியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்த அம்மா மட்டும் பார்க்கவில்லை, அவள் அடுப்படியில் சாப்பாடு தேடிக்கொண்டிருந்தாள்.

ஜீவராணி சொட்டச் சொட்ட நின்று ஒரு தேங்காய் ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதைத் தின்னவில்லை. கைலேஞ்சியை விரித்து, சூடு ஆறாமல் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் ஜீவராணியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே கடகடவென்று ஸ்பானிஷில் என்னவோ கேட்டாள். ஜீவராணி விழித்தாள். ஒரு சொல் விளங்கவில்லை. மகளின் பேச்செல்லாம் இன்றைக்கும் இப்போதைக்குமான பேச்சு. அந்த நிலையிலும் காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

மகள் ஆங்கிலத்துக்கு மாறி மஷூரிடம் சொன்னாள். மஷூர் தமிழில் கேட்டார்.

"அக்கா, அம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்குறாங்க."

"வீடு இருந்துச்சாம், கெணறு இருந்துச்சாம். ஆடு நெறைய இருந்துச்சாம். அப்பறம் தம்பி ஒருத்தரு இருந்தாராம். மனோலோன்னு பேரு. இவங்கதான் பாத்துக்கிட்டாங்க போல."

மஷூர் அதைச் சொன்னபோது மகள் வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். தாய்க்கு ஒரு தம்பி இருந்ததும், சின்ன வயதில் ஊர் ஆற்றில் அவன் போய்விட்டதும் அவளுக்கு ஒரு சித்தி சொல்லித்தான் தெரியும். அந்தப் பெயரைத் தன் தாய் வாயால் அவள் பிறந்ததிலிருந்து இன்றுதான் கேட்கிறாளாம். மறதி வருவதற்கு முன்னாலும் சொன்னதில்லையாம். அதைக் கேட்டு மஷூரும் தலையைக் குனிந்துகொண்டார்.

டயர் மாற்றி முடிந்தது. வேன் புறப்பட்டபோது அந்த அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

ஜீவராணி ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். காத்தமுத்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கேலி ஒன்றும் வாயில் வரவில்லை.

"ராணி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"அந்தத் தம்பி ஆத்துல போயிட்டான்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தண்ணியைப் பாத்துப் பேரு சொல்லிக் கூப்புட்டாங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"செத்துப்போன புள்ளைக்குப் பசிக்குதுன்னு சொல்ல எப்படிப் புள்ள ஒனக்கு மனசு வந்துச்சு?"

ஜீவராணி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பசிக்குதுன்னு நான் எங்கங்க சொன்னேன்? அப்புடிச் சொல்ல எனக்கு அந்தப் பாஷையில தெரியாதே. பசிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னுதான் சொன்னேன். அக்கா எப்ப வருவா, எப்ப சோறு போடுவான்னு அந்தப் புள்ள வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்தானே? அது பொய்யில்லைங்க."